கினிபிக்குக்கு மூச்சு வாங்குகிறதா? காலை வரை காத்திருக்காதீர்கள்!

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழி. இரவு ஒன்பதரை மணி இருக்கும். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு அம்மா போன் செய்தார்.

"டாக்டர், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கணும். பையனோட கினிபிக் நேத்துலேர்ந்து சரியா சாப்பிடலை. மூச்சு விடறப்போ கொர கொரன்னு சத்தம் வருது. அவனுக்கு ஜுரத்துக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப் ஃப்ரிட்ஜுல மிச்சம் இருக்கு. ஒரு சொட்டு கொடுக்கலாமா?"

நான் சித்த மருத்துவன். முப்பது வருஷமாக மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். கினிபிக்கைப் பற்றி எனக்கு அன்றைக்குத் தெரிந்தது பூஜ்யம். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "குழந்தைக்குக் கொடுக்கிற மருந்துதானேம்மா, ஒரு சொட்டுல என்ன ஆயிடப் போகுது? துணி போர்த்தி கதகதப்பா வையுங்க. காலையில பார்த்துக்கலாம்" என்றேன்.

விடிகாலை ஐந்தரைக்கு ஏழாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பையன் செருப்பு அட்டைப்பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு என் வாசலில் நின்றான். உள்ளே புஜ்ஜி வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே அடங்கிவிட்டது.

கால்நடை டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "நுரையீரல்ல சளி கட்டி நாலஞ்சு நாள் ஆகியிருக்கும். நேத்து ராத்திரி கொடுத்த சொட்டு இதுக்குக் காரணம் இல்லை. ஆனா பிழைச்சிருந்தாலும் அந்த மருந்து இதோட குடலைக் கெடுத்திருக்கும். யார் சார் கொடுக்கச் சொன்னது?"

"நான்தான்" என்றேன். பையன் பக்கத்தில்தான் நின்றான்.

அதற்குப் பிறகு அந்த டாக்டரிடமே பல நாட்கள் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கினிபிக் வளர்க்கலாம். பாடப்புத்தகத்தில் கினிப்பன்றி, பெரியவர்கள் வாயில் சீமைப் பெருச்சாளி. பெயர் எதுவானாலும் பிராணி ஒன்றுதான்.

நோயை மறைக்கும் பிராணி

கினிபிக்கின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதி. குளிர்ந்த, உலர்ந்த காற்றுள்ள இடம். அங்கே கழுகும் நரியும் பிடித்துத் தின்னும் சின்னஞ்சிறு புல்தின்னி அது. கூட்டத்தில் பலவீனமானதுதான் முதலில் மாட்டும். அதனால் உடம்பு சரியில்லை என்பதை வெளியே காட்டாமல் இருப்பது அதன் பிறவிக் குணம். 'நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது' என்று நாம் சொல்கிறோமே, அது பெரும்பாலும் உண்மையல்ல. நேற்று வரை அது மறைத்தது, நாமும் பார்க்கவில்லை.

இன்னொரு சங்கதி. கினிபிக் மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி. நமக்கு ஜலதோஷம் பிடித்தால் வாயால் மூச்சு விட்டுச் சமாளிக்கிறோம். அதற்கு அந்த வழி இல்லை. மூக்கு அடைத்தாலே பாதி ஆபத்து. அது வாயைத் திறந்து மூச்சு விடுகிறது என்றால் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

எண்வகைத் தேர்வால் பாருங்கள்

சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எண்வகைத் தேர்வு என்று ஒரு முறை உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். வாய் பேசாத இந்தப் பிராணியைக் கவனிக்கவும் இந்த எட்டையே ஞாபகக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

நாடி: இதன் இதயம் நிமிஷத்துக்கு 230 முறைக்கு மேல் துடிக்கும். விரல் வைத்து எண்ண முடியாது. அதற்குப் பதில் மூச்சை எண்ணுங்கள். அது சும்மா உட்கார்ந்திருக்கும்போது விலாப்பக்கம் ஏறி இறங்குவதை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு 40 முதல் 100 வரை இருக்கலாம். உங்கள் பிராணிக்கு எது வழக்கம் என்பதை ஆரோக்கியமாக இருக்கும்போதே எண்ணிக் குறித்து வையுங்கள். எண்ணிக்கையைவிட முக்கியம், மூச்சு விடுவதற்கு அது சிரமப்படுகிறதா என்பது. விலா உள்வாங்கி உள்வாங்கி எழும்புகிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் தலை முன்னும் பின்னும் ஆடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.

ஸ்பரிசம்: ரோமம் சிலிர்த்துக்கொண்டு, முதுகு கூனி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் சுகமில்லை. காதும் பாதமும் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வயிறு மத்தளம் மாதிரி விறைத்திருந்தால் அது வாயு உப்புசம். உப்பிய வயிறு நுரையீரலை அழுத்துவதாலும் மூச்சு வாங்கும். அதுவும் அவசர நிலைதான்.

நா: பிடித்த கொத்தமல்லித் தழையை நீட்டினால் ஓடி வருகிறதா? முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் அதுதான் முதல் மணி. கினிபிக்கின் குடல் நிற்காமல் ஓட வேண்டிய யந்திரம். அரை நாள் பட்டினி கிடந்தாலே அது நின்றுபோக ஆரம்பிக்கும். எச்சில் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள்.

நிறம்: உதட்டை மெல்ல விலக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் பிராணவாயு போதவில்லை.

மொழி: ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்ததும் 'வீக் வீக்' என்று கத்துமே, அது பசிக்குரல். தடவிக் கொடுத்தால் உறுமுவது சந்தோஷம். இவை நோயல்ல. எப்போதோ ஒரு தும்மலும் நோயல்ல. புல்லின் தூசி காரணமாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் சொடுக்குகிற மாதிரியோ, விசில் மாதிரியோ, கொர கொரவென்றோ சத்தம் வந்தால் அது நோய். வழக்கமாகக் கத்துகிற பிராணி மௌனமாகிவிட்டாலும் சந்தேகப்படுங்கள்.

விழி: கினிபிக் கண்ணிலிருந்து பால் மாதிரி ஒரு நீரை வரவழைத்து முகம் கழுவும். நாளுக்குச் சில தடவை, சில விநாடிதான் இருக்கும். பயப்பட வேண்டாம். கண் ஓரத்தில் பொருக்குக் கட்டி ஒட்டிக்கொண்டால், மூக்கோரம் ஈரமாகவோ கெட்டியாகவோ சளி இருந்தால் தொற்று என்று கொள்ளுங்கள். முன்னங்கால்களின் உள்பக்கத்தையும் பாருங்கள். மூக்கைத் துடைத்துத் துடைத்து அங்கே ரோமம் பிசுபிசுத்திருக்கும்.

மலம்: சாப்பாடு குறைந்தால் புழுக்கை சிறுத்து எண்ணிக்கையும் குறையும். கூண்டு திடீரென்று சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள்!

மூத்திரம்: இது பிராணியைவிட உங்கள் பராமரிப்பைப் பற்றிச் சொல்லும். கூண்டருகே குனிந்தால் மூத்திர நெடி உங்கள் மூக்கில் ஏறுகிறதா? அந்த நெடியில்தான் அது 24 மணி நேரமும் மூச்சு விடுகிறது. அந்த அம்மோனியா மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி, கிருமிகளுக்குக் கதவைத் திறந்துவிடும்.

இந்த எட்டோடு ஒன்பதாவதாகத் தராசு. சமையலறைத் தராசு போதும். ஞாயிறுதோறும் எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லிப் பிள்ளைகளிடமே பொறுப்பைக் கொடுங்கள். வளர்ந்த கினிபிக் 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கூர்ந்து கவனியுங்கள். 100 கிராம் குறைந்தால் வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுச் சத்தம் காதில் விழுவதற்குப் பல நாள் முன்பே தராசு பேசிவிடும்.

புஜ்ஜிக்கு ஏன் வந்தது?

பிறகு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கூண்டு பால்கனியில் இருந்தது. மார்கழிப் பனிக்காற்று நேராக அடிக்கிற இடம். தரையில் மரத்தூள். பக்கத்தில் கொசுவர்த்திச் சுருள். போதாததற்கு, பத்து நாள் முன்பு சந்தையில் வாங்கிய முயல்குட்டியும் அதே கூண்டில்.

முயலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். போர்டெடெல்லா என்று ஒரு பாக்டீரியா. முயல், நாய் இவற்றின் மூக்கிலும் தொண்டையிலும் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். கினிபிக்குக்குத் தொற்றினால் அதுவே நிமோனியா. தொற்றியபின் நோய் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் முயலையும் கினிபிக்கையும் ஒரே கூண்டில் வைக்கவே கூடாது. புதுக் கினிபிக் வாங்கினாலும் இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்துப் பார்த்தபிறகுதான் பழையதோடு சேர்க்க வேண்டும். மனிதர் தொண்டையில் இருக்கும் நிமோகாக்கஸ் கிருமியும் இதைப் பாதிக்கும். இருமல் சளியோடு இருப்பவர்கள் அதை முகத்தோடு சேர்த்துக் கொஞ்ச வேண்டாம்.

அடுத்தது புகை. கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, சிகரெட், தாளிக்கிற நெடி, போகிப் புகை, தீபாவளி வெடிப்புகை எல்லாமே அந்தச் சின்ன நுரையீரலுக்கு விரோதி. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1950-களில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. ரிச்சர்ட் ரைலி என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் காசநோய் வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியாக மாடியிலிருந்த கினிபிக் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். நோயாளியைத் தொடாத, பார்க்காத அந்தப் பிராணிகளுக்குக் காசநோய் வந்தது. காசநோய் காற்றில் பரவுகிறது என்பதை உலகம் அப்படித்தான் உறுதி செய்துகொண்டது. நம் வீட்டுக் காற்றில் இருப்பது அதன் நுரையீரலுக்குள் போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கொசுத் தொல்லைக்குக் கூண்டின் மேல் கொசுவலைத் துணி கட்டுங்கள்.

மூன்றாவது தரை விரிப்பு. மரத்தூளின் பொடி மூக்கை உறுத்தும். பைன், தேவதாரு மரச் சீவல்களில் உள்ள வாசனை எண்ணெயும் ஆகாது. பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் பருத்தித் துணி போடுங்கள். ஈரமான இடத்தைத் தினமும் மாற்றுங்கள்.

கடைசியாகத் தட்பவெப்பம். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இதற்கு உகந்தது. குளிர்காற்று நேரே படக் கூடாது. அதற்காகக் காற்றே இல்லாமல் மூடவும் கூடாது. நம் ஊரில் குளிரைவிட வெயில்தான் பெரிய எமன். 30 டிகிரியைத் தாண்டினால் வெப்பத்தாக்கு வரலாம். எச்சில் ஒழுகும், மூச்சு இரைக்கும், துவண்டு கிடக்கும். சித்திரை, வைகாசியில் வீட்டிலேயே குளிர்ந்த அறையில் வையுங்கள். ஐஸான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கம் வைத்தால் அதில் சாய்ந்துகொள்ளும்.

வைட்டமின் சி: நமக்கும் அதற்கும் ஒரே குறை

மனிதனைப் போலவே கினிபிக்கும் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்க முடியாத பிராணி. 1907-ல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிஷ் இருவரும் வெறும் தானியம் கொடுத்து வளர்த்த கினிபிக்குகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டறிந்தார்கள். வைட்டமின் சி குறைந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து சளித்தொற்று சுலபமாகப் பிடிக்கும்.

உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. 25 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறக்குறைய 20 மில்லிகிராம் கிடைத்துவிடும். விதையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கொத்தமல்லித் தழையும் நல்லது. தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலந்து வைப்பதால் பிரயோஜனம் குறைவு. சீக்கிரம் சத்து அழிந்துவிடும். முக்கிய உணவு புல்தான். மருந்து அடிக்காத இடத்து அருகம்புல்லை அலசிக் கொடுத்தால் ஆசையாகத் தின்னும்.

நம் மருந்து நமக்கு மட்டும்

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் கினிபிக்கின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவைக் கொன்று விஷக்கிருமியைப் பெருகவிடும். சில நாட்களில் பேதியாகி இறந்துவிடும். 1940 மே மாதம் ஆக்ஸ்போர்டில் பென்சிலினை முதலில் சோதித்தது சுண்டெலிகளிடம். எலிகள் பிழைத்தன, உலகத்துக்கு மருந்து கிடைத்தது. அன்றைக்குக் கினிபிக்கிடம் சோதித்திருந்தால் அந்த மருந்தைத் தூக்கி எறிந்திருப்பார்களோ என்னவோ! இதற்கு ஒத்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக் வேறு உண்டு. அதைக் கால்நடை டாக்டர்தான் எடை பார்த்துக் கொடுக்க வேண்டும்.

'சரி, மூலிகை கொடுக்கலாமே?' என்று கேட்பீர்கள். கூடாது. தினமும் இருமலுக்கு ஆடாதோடை எழுதிக் கொடுக்கிற நானே சொல்கிறேன். ஆடு தொடாத இலை என்பதால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆடே தொடாததைப் புல்தின்னும் சின்னப் பிராணியின் வாயில் ஊற்றலாமா? திரிகடுகம், கற்பூரவள்ளிச் சாறு, தேன் எதுவும் வேண்டாம். நெஞ்சில் தைலம் தடவுவதும், கற்பூர ஆவி பிடிப்பதும் மூச்சை இன்னும் இறுக்கும். எங்கள் முறையிலிருந்து பார்க்கும் வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள், மருந்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டாக்டரிடம் போகும் வரை

* உட்கார்ந்த நிலையிலேயே இருக்கட்டும். மல்லாத்தாதீர்கள். குழந்தைகள் மாற்றி மாற்றித் தூக்க வேண்டாம். பயமே மூச்சை முட்ட வைக்கும்.
* மூக்கில் பொருக்கு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெல்லத் துடையுங்கள். மூக்குக்குள் எதையும் விடாதீர்கள்.
* உடம்பு சில்லிட்டிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரம் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் வேண்டும்.
* வெயிலால் வந்த இரைப்பு என்றால் காதையும் பாதத்தையும் குளிர்ந்த நீரால் ஈரமாக்குங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.
* மூச்சுத் திணறும்போது வாயில் தண்ணீரோ உணவோ புகட்டாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். சிரிஞ்சால் ஊட்டும் முறையை டாக்டரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகே செய்யுங்கள்.
* மூச்சு விடும் விதத்தை அரை நிமிஷம் செல்போனில் வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரியில் பயந்துபோய் அது வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.
* காற்றோட்டமுள்ள பெட்டி, துணி விரிப்பு, எடை நோட்டு இவற்றோடு கிளம்புங்கள்.

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம், பிராணவாயு கொடுக்கலாம். இதய நோய், கட்டி போன்றவற்றாலும் மூச்சு வாங்கும் என்பதால் பரிசோதனை அவசியம். இரண்டு நாளில் தேறிவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

வாசகர்கள் கேட்கக்கூடியவை

எங்கே காட்டுவது? சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. உங்கள் ஊரில் கினிபிக் பார்த்துப் பழகிய டாக்டர் யார், இரவில் யார் இருப்பார் என்பதை இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள். ராத்திரி பத்து மணிக்குத் தேடக் கூடாது.

நமக்குத் தொற்றுமா? அபூர்வம். ஆனால் கினிபிக்கிடமிருந்து கிளமிடியா வகைக் கிருமி தொற்றி நிமோனியா வந்த நோயாளிகளைப் பற்றி 2017-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் இருந்தால், கினிபிக் வளர்ப்பதை உங்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இதன் ரோமமும் மூத்திரமும் ஒவ்வாமை தரலாம். வாங்கும் முன்பே யோசியுங்கள்.

அந்தப் பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆறு மாதம் கழித்து இரண்டு கினிபிக் வாங்கினான். கூண்டு ஹாலுக்கு வந்துவிட்டது. கொசுவர்த்தி போய் வலை வந்தது. முயல் தனி வீட்டில் இருக்கிறது. போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு நோட்டோடு வந்தான். "அங்கிள், 60 கிராம் குறைஞ்சிருக்கு. சத்தமெல்லாம் ஒண்ணும் இல்லை. ஆனா கொத்தமல்லியைப் பாதியில விட்டுடுச்சு" என்றான்.

"எனக்குத் தெரியாதுப்பா. வா, தெரிஞ்சவர்கிட்டே போவோம்" என்றேன். அன்றைக்கே போனோம். நுரையீரலில் சளி ஆரம்ப நிலை என்றார் டாக்டர். இரண்டு வார மருந்தில் தேறிவிட்டது. இப்போது 910 கிராம்.